இடது கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்

உட்கார் தம்பி. டீ கொதிக்கக் கொதிக்க வந்திருக்கிறது, ஆறட்டும். அதற்குள் அவசரமானதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை நிதானமாகப் பேசலாம்.

ஆண் உறுப்புகளைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் எல்லாம் இருக்கிறது. படம் வரைந்து பாகம் குறி என்று கேள்வியும் வரும். ஆனால் அந்தப் பக்கம் வந்ததும் "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிடும் ஆசிரியர்கள் நம் ஊரில் குறைவில்லை. பையன்களும் தாங்களே படித்துக்கொள்கிறார்கள்: பேருந்து நிலையச் சுவரொட்டியில், நள்ளிரவு டிவியில் வரும் பரம்பரை வைத்தியரிடம், செல்போனில். கடைசியில், பயப்பட வேண்டாத நாலு விஷயத்துக்குத் தூக்கம் கெட்டுப் பயப்படுகிறார்கள். பயந்து ஓட வேண்டிய ஒன்றிரண்டை வெட்கப்பட்டு மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஓட வேண்டியது இது. 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருக்கும் பையனுக்குத் திடீரென ஒரு பக்க விதையில் தாங்க முடியாத வலி வருகிறது. விளையாடும்போது வரலாம், சும்மா இருக்கும்போது வரலாம், தூக்கத்திலிருந்து எழுப்பியும் வரலாம். கூடவே குமட்டும், வாந்தி வரும், அடிவயிறு வலிக்கும். விதை ஒன்றும் சும்மா தொங்குவதில்லை. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் விந்து நாளமும் சேர்ந்த ஒரு கொடி அதைத் தாங்கியிருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே விதை உறையோடு சரியாக ஒட்டாமல் இருக்கும். ஊஞ்சலில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி விட்டால் கயிறு முறுக்கிக்கொள்வதுபோல, அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கொடி முறுக்கிக்கொள்ளும். ரத்தம் போவது நின்றுவிடும். விதை முறுக்கம் என்பது இதைத்தான். டாக்டர்கள் டார்ஷன் என்பார்கள்.

இதற்குக் கெடு ஆறு மணி நேரம். அதற்குள் அறுவை அரங்குக்குப் போய்விட்டால் பத்தில் ஒன்பது விதைகளுக்கு மேல் பிழைத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் ஆனால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஒரு நாள் கழிந்துவிட்டால் பெரும்பாலும் கறுத்துப்போன விதையை எடுத்துவிடத்தான் வேண்டும். அறுவையில் முறுக்கை அவிழ்த்து, மறுபடி சுழலாதபடி இரண்டு மூன்று தையல் போட்டு நிறுத்துவார்கள். மறுபக்க விதைக்கும் அதே குறை இருக்கலாம் என்பதால் அதையும் சேர்த்தே தைப்பார்கள்.

கெடு எங்கே வீணாகிறது என்று நினைக்கிறாய்? வீட்டில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்த பையன் அம்மாவிடம் "வயிறு வலிக்குது" என்கிறான். அவன் சொல்வது பொய்யும் இல்லை, வயிறும் வலிக்கத்தான் செய்கிறது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுக்கிறார். அப்பா சோடா வாங்கி வருகிறார். காலையில் தெருமுனை கிளினிக்கில் வயிற்றைத் தட்டிப் பார்த்து ஊசி போடுகிறார்கள். ஜட்டிக்குள் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதனால் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்து வயதைத் தாண்டிய பையன் அடிவயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் "கீழே வலிக்கிறதா" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ஆமாம் என்றால் கிளினிக் வேண்டாம். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. வலி வந்து தானாகவே விட்டுவிட்டது என்றாலும் காட்டத்தான் வேண்டும். முறுக்கித் தானே அவிழ்வது மறுபடி முறுக்கும்.

இப்போது டீயை எடு. ஆறியிருக்கும்.

கீழே அடிபட்டால் வயிறு ஏன் வலிக்கிறது? விதைகள் முதலில் உருவாவது வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். கருவிலேயே மெல்ல இறங்கி, பிரசவத்துக்கு முந்தைய கடைசி இரண்டு மூன்று மாதங்களில் விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. நரம்பும் ரத்தக் குழாயும் பழைய இடத்திலிருந்தே நீண்டு வருகின்றன. அதனால்தான் பந்து பட்டது ஓரிடம், சுருண்டு பிடித்துக்கொள்வது வேறிடம். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஒன்று இறங்காமல் நின்றிருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே இறங்கிவிடும். ஆறு மாதம் ஆகியும் இறங்கவில்லையென்றால் காட்டி, ஒன்று ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும். பையனுக்குப் பதினைந்து வயதாகியும் ஒரு பக்கம் காலியாக இருப்பதை யாரும் பார்க்காமலே விட்ட வீடுகள் உண்டு. அப்படி உள்ளேயே தங்கிய விதையில் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு அதிகம்.

வெளியே வந்து தொங்க வேண்டிய அவசியம் சூட்டுக்காக. உடம்பு 37 டிகிரி. விந்தணு உற்பத்திக்கு அதைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான இடம் வேண்டும். குளிரில் பை சுருங்கி மேலே ஏறுவதும், வெயிலில் தளர்ந்து இறங்குவதும் அதற்குத்தான்; தசைகள் தாமே செய்யும் வேலை அது. தமனியைச் சுற்றி மெல்லிய சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. மேலே திரும்பும் குளிர்ந்த ரத்தம், கீழே இறங்கும் சூடான ரத்தத்தைத் தணித்து அனுப்புகிறது. யானைக்கு இந்த ஏற்பாடு கிடையாது. அதற்கு விதைகள் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன, குட்டியும் பிறக்கிறது. இயற்கை எல்லாருக்கும் ஒரே கணக்குப் போடுவதில்லை.

இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லையே என்பது பையன்களின் முதல் கவலை. இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு இடது கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், அளவிலும் சிறு வித்தியாசம் இருக்கும். இடப்பக்கச் சிரை நெடுக மேலே ஏறி, சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் போய்ச் சேர்கிறது. வலப்பக்கத்துச் சிரை பெருஞ்சிரையில் சாய்வாக, சுலபமாக இணைகிறது. இதனால் இடப்பக்கம் ரத்தம் தேங்கிச் சிரைகள் புடைப்பதும் உண்டு. வெரிகோசீல் என்பார்கள். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் இருக்கும். நின்றால் சுருள் சுருளாகக் கைக்குத் தட்டுப்படும், படுத்தால் மறையும். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குப் போன அண்ணன்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் இதற்காகத் திரும்பி வந்திருப்பார்கள். வலியில்லை, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். ஒரு பக்கம் சிறுத்துக்கொண்டே போனால் காட்டு.

விதைக்குள் இருப்பதெல்லாம் மயிரிழைக் குழாய்கள். 1668இல் ரெய்னியர் டி கிராஃப் என்ற டச்சு மருத்துவர் அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே வெறும் குழாய்ச் சுருள்தான் என்று எழுதினார். நீட்டினால் நூற்றுக்கணக்கான மீட்டர் வரும். அவர் வாழ்ந்த டெல்ஃப்ட் ஊரிலேயே 1677இல் லீவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் விந்தணுக்கள் நீந்துவதைப் பார்த்தார். விதையின் பின்புறம் தொட்டுத் தொங்கும் எபிடிடிமிஸ் ஒற்றைக் குழாய்தான், ஆனால் ஏறக்குறைய ஆறு மீட்டர். விந்தணு அங்கே இரண்டு வாரம் போலத் தங்கித் தேறுகிறது. ஒரு விந்தணு உருவாக மொத்தம் இரண்டரை மாதம் ஆகும். குளிக்கும்போது விதையின் பின்னால் மெத்தென்று ஒரு முண்டு தட்டுப்பட்டு, கட்டியோ என்று நடுங்கிப்போகிற பையன்கள் நிறைய. அது இந்தச் சுருள்தான்.

பருவம் வருவதற்கு முதல் அடையாளம் மீசையோ குரலோ இல்லை, விதை பெரிதாவது. 9 வயதிலிருந்து 14க்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். இதை அளக்க சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆந்த்ரேயா பிராடர் ஒரு கருவி செய்தார். ஒரு நூலில் கோத்த பன்னிரண்டு முட்டை வடிவ மணிகள். சின்னது ஒரு மில்லி, பெரியது 25 மில்லி. குழந்தை மருத்துவர்கள் இன்றும் ஒரு கையில் மணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாலு மில்லியைத் தொட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. முடி, உயரம், குரல் உடைவது எல்லாம் பின்னால் வருகிற கதை. 14 முடிந்தும் ஒன்றும் தொடங்கவில்லை, அல்லது 9க்கு முன்பே தொடங்கிவிட்டது என்றால் மட்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு மீசை வந்துவிட்டது என்பதற்காக இல்லை. ஆண்குறியின் அளவைப் பற்றிய கவலையும் அப்படித்தான். வளர்ச்சி பதினெட்டு, பத்தொன்பது வரைக்கும் ஓடுகிற ஒன்று. செல்போனில் காட்டுகிறவர்களை அதற்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளாதே.

13, 14 வயதில் மார்புக் காம்புக்குக் கீழே சின்னக் கட்டி, தொட்டால் வலி. பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு இது வருகிறது. ஹார்மோன்கள் ஒரு நிதானத்துக்கு வரும்வரை இருக்கும். ஓரிரு வருடத்தில் தானே போய்விடும். இதற்காக பி.டி. வகுப்பை வெட்டிவிட்டு ஒளிகிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இரவில் தூக்கத்தில் விந்து வெளியேறுவதற்கு வருவோம். நம் ஊரில் இந்தப் பயத்தை வைத்து எத்தனை பேர் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க முடியாது. இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்று விளம்பரம் வரும். நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், இளமையில் செய்த தவறு என்று வரிசையாகப் பயமுறுத்துவார்கள். நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து என்பார்கள். அப்படி ஒரு கணக்கே உடம்பில் கிடையாது. ஒருமுறை வெளியேறுவது ஒன்றரை முதல் ஐந்து மில்லி. அதில் பெரும்பங்கு விந்துப்பைகள் சுரக்கும் சர்க்கரை கலந்த நீர்; மிச்சத்தில் பெரும்பகுதி புராஸ்டேட்டின் சுரப்பு. விந்தணுவின் பங்கு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. உற்பத்தி நிற்காமல் நடக்கிறது, சேர்ந்தது சில சமயம் தூக்கத்தில் வெளியேறுகிறது. மாதத்தில் சில தடவை வந்தாலும் சரி, வரவே இல்லையென்றாலும் சரி, இரண்டும் இயல்பு. சுயஇன்பத்தால் கண் மங்காது, முடி கொட்டாது, நரம்பு தளராது. மருத்துவம் இதில் தெளிவாக இருக்கிறது.

இந்தப் பயம் நமக்கே உரியது என்றும் நினைக்காதே. 1760இல் சுவிஸ் மருத்துவர் டிசோ இதே பயத்தைப் பெரிய புத்தகமாகவே எழுதி ஐரோப்பாவை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடுங்க வைத்தார். 1960இல் நம் மனநல மருத்துவர் என்.என். விக், விந்து போகிறது என்ற கவலையிலேயே சோர்ந்து, பசியிழந்து, தூக்கமிழந்து வரும் இளைஞர்களைப் பற்றி எழுதி, அதற்கு 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். சோர்வு உண்மை, காரணம் விந்து இல்லை, கவலை. சிறுநீரில் வெள்ளையாகப் போகிறதே என்பவர்களுக்கும் பெரும்பாலும் அது சிறுநீரில் கலந்த பாஸ்பேட் உப்புதான். இதுமாதிரி விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது, மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். சட்டம் எழுபது வயதைத் தாண்டிவிட்டது, சிட்டுக்குருவி லேகியத்துக்கு இன்னும் வயதே ஆகவில்லை.

சுத்தம் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் அதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. முன்தோல் பிறக்கும்போது ஆண்குறியின் மொட்டோடு ஒட்டியே இருக்கும். அது நோயில்லை. 1949இல் டக்ளஸ் கேர்ட்னர் இங்கிலாந்திலும், 1968இல் யாகோப் ஓஸ்டர் டென்மார்க் பள்ளிப் பையன்களிடமும் இதைப் பொறுமையாகப் பார்த்து எழுதினார்கள். ஓஸ்டர் பார்த்தபோது ஆறேழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத் தோல் இறுக்கம் இருந்தது; 16, 17 வயதில் ஒருவருக்குத்தான். அதனால் சின்னக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து இழுத்து இழுத்துவிடும் பாட்டிமாரை யாராவது தடுத்தால் நல்லது. இழுத்தால் தோல் கிழியும், கிழிந்த இடம் தழும்பாகி நிஜமாகவே இறுகிவிடும். உன் வயதில், தானாகப் பின்னே போகிற அளவுக்கு மட்டும் தள்ளி, தினமும் குளிக்கும்போது வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். சேரும் வெள்ளை மாவு செத்த தோலும் எண்ணெய்ப் பசையும்தான். சோப்பு போட்டே ஆக வேண்டுமென்றால் காரமில்லாததைக் கொஞ்சமாகப் போட்டு நன்றாக அலசிவிடு. கிருமிநாசினியை ஊற்றாதே, எரிச்சலை நீயே விலைக்கு வாங்கியதாகும். சுன்னத் செய்தவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், மற்றபடி ஒன்றும் மாறாது.

கழுவிய பிறகு தோலை முன்னே கொண்டுவந்துவிட வேண்டும். மறந்தால் அது மொட்டின் கழுத்தை இறுக்கி வீங்கவைக்கும். திரும்ப வரவில்லையென்றால் அன்றே மருத்துவமனை, மறுநாள் இல்லை. ஜிப்பில் தோல் மாட்டிக்கொண்டால் இழுக்காதே. ஜிப்பின் தலையை வெட்டினால் பற்கள் தானே பிரிந்துவிடும், டாக்டர் செய்வதும் அதைத்தான். அடிக்கடி மொட்டு சிவந்து புண்ணாகிறது, தாகமும் அதிகம் என்றால் சர்க்கரை பார்க்கச் சொல்.

தொடை இடுக்கில் வட்ட வட்டமாகப் படை, ஓரம் சிவந்து, ராத்திரியில் சொரிந்து மாளாது. வியர்வையும் இறுக்கமான ஜீன்ஸும் காயாத ஜட்டியும் சேர்ந்து பூஞ்சையை வளர்க்கின்றன. ஹாஸ்டலில் ஒருவனுக்கு வந்தால் வரிசையாக எல்லாருக்கும் வரும், துண்டு ஒன்றுதானே. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் குழைத்த களிம்பு. இரண்டே நாளில் அரிப்பு போய்விடும், சந்தோஷம். பூஞ்சை சாகவில்லை, தோலின் எதிர்ப்புதான் அடங்கியிருக்கிறது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும், மறுபடி டியூப். சில மாதத்தில் தொடைத் தோல் மெலிந்து, கோடு கோடாக வெடிக்கும். அந்தக் கோடுகள் பிறகு போகாது. இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் இன்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பது இந்தக் களிம்புகளால்தான். தோல் டாக்டரிடம் காட்டு. வாரக்கணக்கில் மருந்து எடுக்கச் சொல்வார். அரிப்பு நின்றுவிட்டது என்று பாதியில் விடாதே. பருத்தி ஜட்டி, தினம் ஒன்று, வெயிலில் காய்ந்தது. துண்டு உன்னுடையது மட்டும். வீட்டில் வேறு யாருக்கு இருந்தாலும் சேர்ந்தே வைத்தியம். பூஞ்சைப் படை பொதுவாக விதைப்பையை விட்டுவிடும். பையிலேயே அரிப்பு என்றால் அது வேறு ஏதோ. அதற்கும் டியூப் வாங்காதே.

இன்னும் ஒன்று. வலியே இல்லாத கட்டி. விதைப் புற்று பெரும்பாலும் 15இலிருந்து 35 வயதுக்காரர்களுக்கு வருவது. நம் நாட்டில் அபூர்வம். மாதாமாதம் தேதி குறித்துச் சோதனை செய்ய வேண்டியதில்லை. வெந்நீரில் குளிக்கும்போது விரலால் உருட்டிப் பார்த்து, தன் உடம்பு எப்படி என்று தெரிந்து வைத்திருந்தால் போதும். விதையின் மேலேயே கெட்டியாகப் புதிதாக ஒன்று தட்டுப்பட்டால் காட்ட வேண்டும். 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் யுவராஜ் சிங் வாந்தி எடுத்துக்கொண்டே 113 ஓட்டம் அடித்தாரே, பின்னால் அவருக்குக் கண்டறியப்பட்ட கட்டி நெஞ்சுக்குள் இருந்தாலும், விதைப் புற்றுக்கு மூலமான அதே உயிரணு வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். பரவிய விதைப் புற்று அநேகமாக மரணம்தான் என்றிருந்த 1974இல் சிஸ்பிளாட்டின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்து அந்தக் கணக்கையே மாற்றியவர் அவர். இன்று சீக்கிரம் வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே குணமாகிறார்கள்.

லெதர் பந்தில் ஆடப்போனால் அப்டமன் கார்டு போட்டுக்கொள். அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வலி குறையவில்லை, வீங்குகிறது என்றால் ஸ்கேன் வேண்டும்.

டாக்டரிடம் என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதித் தயக்கம். நிற்கவைத்துப் பார்ப்பார், படுக்கவைத்துப் பார்ப்பார், கையுறை போட்டுத் தொட்டுப் பார்ப்பார். வீக்கம் இருந்தால் பின்னாலிருந்து டார்ச் அடிப்பார். வெளிச்சம் ஊடுருவினால் உள்ளே இருப்பது நீர் என்று தெரியும். ஐந்து நிமிடம். அப்பாவோ அண்ணனோ கூட நிற்கலாம், ஆண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். வைத்தியத்துக்கு வெளியே வேறு யாருக்கும் அங்கே தொட உரிமை கிடையாது. தொட்டால், தொட்டவர் யாராக இருந்தாலும், வீட்டில் சொல். உடம்பைப் பற்றிய சந்தேகம் மட்டும்தான் என்றால் மருத்துவ ஆலோசனைக்கான 104க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கே போவதானால் ஓபி சீட்டு போடுகிற ஜன்னலில், பின்னால் இருபது பேர் நிற்க, "என்ன பிரச்னை" என்று சத்தமாகக் கேட்பார்கள். அங்கே விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "யூராலஜி" என்று சொல், சீட்டைக் கொடுத்துவிடுவார்கள்.